ஆட்டுக்கு ஒரு வரி உண்டு, தேன்பெட்டிக்கு?
உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பயணம்

மதுரையிலிருந்து தேனி சாலையில் மேற்கே கிளம்பினால் நாகமலை கொஞ்ச தூரம் கூடவே வரும். நாகமலை புதுக்கோட்டை, செக்கானூரணி, கருமாத்தூர் தாண்டினால் சுமார் 40 கிலோமீட்டரில் உசிலம்பட்டி. ஒரு காலத்தில் உசில மரம் நிறைந்து கிடந்ததால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். தலைக்குத் தேய்த்துக் குளிக்கிற அரப்புப் பொடி இந்த மரத்து இலைதான். ஊருக்குள் மரம் குறைந்துவிட்டது. கரட்டு ஓரங்களில் இன்னும் நிற்கிறது, வெள்ளாடுகள் எட்டிக் கடித்தது போக மிச்சம்.

ரயிலிலும் வரலாம். பழைய மீட்டர் கேஜ் ரயில் 2010 இறுதியோடு நின்றுபோனது. அகலப் பாதை போட்டு, 2022 மே மாதம் மதுரைக்கும் தேனிக்கும் மறுபடி ரயில் ஓடத் தொடங்கியது. 2023 ஜூனில் அது போடி வரை நீண்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தால் இந்தச் சீமையின் கதை தானாகவே புரியும். மதுரையை ஒட்டி வயலும் தென்னையும். மேற்கே போகப் போக வயல் குறைந்து, சோளத் தட்டையும் நிலக்கடலையும் பருத்தியும் தெரியும். இடையிடையே கிணற்றுத் தண்ணீரில் மல்லிகைத் தோட்டம், முருங்கைத் தோப்பு. எங்கு பார்த்தாலும் ஆடு.

தண்ணீர்தான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. செல்லம்பட்டிப் பக்கம் திருமங்கலம் பிரதானக் கால்வாய் கொஞ்சம் நனைக்கிறது. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்கள் பல ஆண்டு போராடிப் பெற்றது 58 கிராமக் கால்வாய். ஆனால் 71 அடி கொள்ளளவுள்ள வைகை அணையில் தண்ணீர் 67 அடியை எட்டினால்தான் இந்தக் கால்வாய்க்குத் திறக்க முடியும். அணை நிறையாத ஆண்டில் கால்வாயில் ஆடுதான் மேயும். மற்ற நிலமெல்லாம் மானாவாரி. மழை ஏமாற்றினால் வெள்ளாமை போகும். வெள்ளாமை போன வருஷத்தில் பிள்ளையின் காலேஜ் பீஸுக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் கை கொடுப்பது கொட்டிலில் நிற்கிற ஆடும் மாடும்தான். அந்த ஆடும் மாடுமே இயற்கைச் சீற்றத்தில் போய்விட்டால்?

ஐந்து ஆடும் ஒரு குழியும்

சித்திரை, வைகாசியில் கோடை மழை வரும்போது இந்தப் பக்கத்தில் மழையைவிட இடி அதிகம். மேய்ச்சலில் இருக்கும் ஆடுகள் மழைக்கு ஒதுங்குவது தனிப் புளிய மரத்தடியிலோ பனை மரத்தடியிலோதான். மின்னலுக்குப் பிடித்த இடமும் அதுதான். ஒரே வெட்டில் நாலு, ஐந்து ஆடு சாய்ந்துவிடும்.

அப்படி ஐந்து ஆடு பறிகொடுத்த ஒரு அப்பத்தாவின் கதையை உசிலம்பட்டிப் பக்கம் எந்தக் கிராமத்து டீக்கடையிலும் கேட்கலாம். ஊர்தான் மாறும், ஆட்டின் எண்ணிக்கை மாறும், கதை மாறாது. சாயங்காலம் ஆடு செத்தது. விடிவதற்குள் நாய் இழுக்குமே என்று ராத்திரியே குழி வெட்டிப் புதைத்தாயிற்று. மூன்றாம் நாள் யாரோ சொல்லித்தான் அரசு நிவாரணம் உண்டு என்பதே தெரிந்தது. மனுவை எடுத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் போனால் அவர் கேட்கிற முதல் கேள்வி, "டாக்டர் பாத்தாராத்தா?"

"புதைச்ச ஆட்டை டாக்டர் எப்படிப்பா பாப்பாரு?"

"போட்டோவாச்சும் எடுத்து வச்சீகளா?"

"எழவு விழுந்த வீட்டுல எவன்யா போட்டோ எடுப்பான்?"

அலுவலர் கெட்டவர் இல்லை. அவர் கையில் இருக்கிற படிவம் கேட்பதைத்தான் அவர் கேட்கிறார். அப்பத்தாவும் பொய் சொல்லவில்லை. ஆனால் செத்தது ஐந்து ஆடு என்பதற்கு அந்தக் குழியைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஆட்டுக்கு 4,000 வீதம் 20,000 ரூபாய் மண்ணுக்குள் போய்விட்டது.

பட்டியலில் என்ன இருக்கிறது?

இந்த நிவாரணம் யாரோ மனமிரங்கிக் கொடுக்கிற தருமம் கிடையாது. ஒன்றிய அரசும் மாநில அரசும் சேர்ந்து பணம் போடுகிற மாநிலப் பேரிடர் நிவாரண நிதி என்று ஒன்று இருக்கிறது. எந்த இழப்புக்கு எவ்வளவு என்று அதற்கு ஒரு விலைப்பட்டியலே உண்டு. 2022-ல் திருத்தி வெளியிட்ட பட்டியல்படி கறவைப் பசு, எருமைக்கு 37,500 ரூபாய். அதற்கு முன் 30,000-ஆக இருந்தது. வெள்ளாடு, செம்மறிக்கு 3,000-லிருந்து 4,000. உழவு மாட்டுக்கு 32,000. கன்றுக்கு 20,000. கோழிக்கு 100 ரூபாய் வீதம், ஒரு குடும்பத்துக்கு 10,000 ரூபாய் வரை.

2023 டிசம்பரில் சென்னைப் பக்கம் மிக்ஜாம் புயல் வந்தது. அதே மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் வெள்ளத்தில் மூழ்கின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. மதுரை மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழைக்கு ஏறக்குறையச் சமமானது அங்கே ஒரு நாளில் கொட்டியது. அந்தச் சமயத்தில்தான் தமிழ்நாடு அரசு இந்த உயர்த்திய தொகைகளை அறிவித்தது. தொகை எவ்வளவு என்பது பேப்பரில் வந்ததால் பலருக்கும் தெரிந்தது. பட்டியலின் அடியில் இருக்கிற நிபந்தனைகள் பேப்பரில் வரவில்லை.

நிபந்தனைகள் மூன்று. ஒன்று, குடும்பத்துக்கு உச்சவரம்பு. கறவை மாடு என்றால் மூன்று, ஆடு என்றால் முப்பது. நூறு செம்மறி போனாலும் கணக்கில் முப்பதுதான். இரண்டு, பலன் தரக்கூடிய நிலையில் இருந்த கால்நடைக்குத்தான் தொகை. மூன்று, இழப்பை அரசு நியமித்த அலுவலர் சான்றளிக்க வேண்டும். அப்பத்தாவின் மனு விழுந்த இடம் இந்த மூன்றாவது.

சொந்த நிலம் இல்லாமல் ஆடு மட்டும் வைத்திருப்பவர்கள், "பட்டா இல்லையே, நமக்கு வருமா?" என்று கேட்பதுண்டு. வரும். நிலமற்ற கால்நடை வளர்ப்போரும் இந்தப் பட்டியலுக்குள் அடக்கம். மின்னல், சூறைக்காற்று போன்றவற்றையும் தமிழ்நாடு அரசு மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. அதனால் ஊரே மூழ்கியிருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே ஒரு மரத்தடியில் விழுந்த மின்னலுக்கும் மனு கொடுக்கலாம்.

37,500 ரூபாய்க்குச் சந்தையில் ஒரு நல்ல கறவை மாடு கிடைக்காது. 4,000 ரூபாய்க்கு வளர்ந்த கிடாயும் கிடைக்காது. இழந்ததை முழுசாக ஈடு கட்டுகிற தொகை இது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கந்துவட்டிக்குப் போகாமல் மறுபடி இரண்டு குட்டி வாங்கிக் கட்ட இது உதவும். அதனால்தான் அதை விட்டுவிடக் கூடாது.

காகிதம் போகும் வழி

உசிலம்பட்டியில் தாலுகா அலுவலகமும் இருக்கிறது, கோட்டாட்சியர் அலுவலகமும் இருக்கிறது. சுற்றுக் கிராமங்களில் கால்நடை மருந்தகங்கள் இருக்கின்றன. எல்லாம் பஸ் ஏறினால் எட்டுகிற தூரம்தான். தெரிந்துகொள்ள வேண்டியது யாரிடம் முதலில் போவது என்பதே.

கால்நடை இறந்ததும் முதல் வேலை கிராம நிர்வாக அலுவலருக்கும் அருகிலுள்ள கால்நடை உதவி மருத்துவருக்கும் போன் செய்வது. மருத்துவர் வந்து பிரேதப் பரிசோதனை செய்து, எதனால் இறந்தது என்று சான்று தருவார். கிராம நிர்வாக அலுவலர் நேரில் பார்த்து அறிக்கை எழுதுவார். அது வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியருக்குப் போகும். தொகை வங்கிக் கணக்குக்கு வரும். குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகத்தின் நகல்களும் புகைப்படமும் தயாராக இருந்தால் அலைச்சல் பாதி குறையும்.

புகைப்படம் எடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. செத்த ஆட்டை மட்டும் பக்கத்தில் போய் எடுத்தால் அது யார் ஆடு, எந்த ஊர் என்று தெரியாது. எல்லா ஆடும் ஒரே படத்தில் தெரியும்படி ஒன்று, பின்னால் வீடோ மரமோ கிணறோ தெரியும்படி ஒன்று, உரிமையாளர் அருகில் நிற்கும்படி ஒன்று. மாடாக இருந்தால் காதுத் தோட்டின் எண் தெளிவாகத் தெரியும்படி ஒன்று. பேரன் கையில் இருக்கிற செல்போன் போதும். ராத்திரி நாய் இழுத்துவிடும் என்ற பயம் நியாயமானதுதான். முள் வெட்டிப் போட்டு மூடி, மேலே தார்ப்பாய் போட்டுக் கல் வைத்தால் ஒரு ராத்திரி தாங்கும்.

கிடை போடுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கமிருந்து கீதாரிகள் செம்மறிகளை ஓட்டிக்கொண்டு அறுவடை முடிந்த வயல்களுக்கு வருவார்கள். சொந்த ஊர் ஒன்று, ஆடு செத்த ஊர் வேறு. சொந்த ஊர் அலுவலருக்குப் போன் செய்தால் அவர் வந்து பார்க்க முடியாது. எந்த ஊர் எல்லையில் இறந்ததோ அந்த ஊர் கிராம நிர்வாக அலுவலருக்கும் அந்தப் பகுதிக் கால்நடை மருத்துவருக்கும்தான் முதலில் சொல்ல வேண்டும். யார் வயலில் கிடை போட்டார்களோ அவரையும் சாட்சிக்குக் கூட்டிப்போனால் பேச்சு சுருக்கமாக முடியும்.

மாட்டின் காதில் இருக்கும் 12 எண்கள்

கோமாரித் தடுப்பூசி போட வரும்போது மாட்டின் காதில் மஞ்சள் தோடு போடுகிறார்கள். அதில் 12 இலக்க எண் இருக்கும். "காது புண்ணாகும், வேண்டாம் சார்" என்று மாட்டைத் தோட்டத்துக்கு ஓட்டிவிடுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்தத் தோடுதான் மாட்டுக்கு ஆதார் அட்டை. எந்த வீட்டு மாடு, எப்போது ஊசி போட்டது என்பதெல்லாம் அந்த எண்ணில் பதிவாகிறது. வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய் நாலு ஊர் தள்ளி ஒதுங்கிய மாட்டைக்கூட அந்த எண்ணை வைத்து இன்னார் மாடு என்று சொல்லிவிடலாம்.

பேரிடர் நிதி நோய்ச் சாவுக்குப் பொருந்தாது. கோமாரி, அடைப்பான், ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி, மாடுகளுக்கு வரும் தோல் கழலை நோய் இவற்றில் இறந்தால் வட்டாட்சியர் அலுவலகத்தில் பதில் கிடைக்காது. அதற்கு வழி முன்கூட்டியே போடும் தடுப்பூசியும் காப்பீடும்தான். தேசியக் கால்நடை இயக்கத்தில் காப்பீட்டுப் பிரீமியத்தில் விவசாயியின் பங்கை 15 சதவீதமாக ஒன்றிய அரசு 2024 பிப்ரவரியில் குறைத்தது. மீதி 85 சதவீதத்தை இரண்டு அரசுகளும் பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் மாவட்டத்துக்கு இத்தனை என்று இலக்கு வரும். அது முடிவதற்குள் மருந்தகத்தில் பெயரைக் கொடுக்க வேண்டும். காப்பீட்டுக்கும் காதுத் தோடு இல்லாமல் ஆகாது. அவசரச் சிகிச்சைக்குக் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. சுவரில் கரித்துண்டால் எழுதி வைத்தாலும் சரி, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முருங்கைத் தோப்பில் பெட்டிகள்

உசிலம்பட்டியிலிருந்து ஆண்டிபட்டிக் கணவாயைப் பார்த்துப் போகும்போது, பூத்த முருங்கைத் தோப்புகளுக்குள் வரிசையாகச் சின்னச் சின்ன மரப்பெட்டிகள் நிற்பதைப் பார்க்கலாம். எறும்பு ஏறாதபடி கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம். அடியில் புழு அறை, மேலே தேன் அறை. பங்குனி, சித்திரையில் வேம்பு பூக்கும். அடுத்துப் புளி. தென்னை வருஷம் முழுக்க இருக்கிறது. பூவைத் தொடர்ந்து பெட்டியை வண்டியில் ஏற்றி, ராத்திரியோடு ராத்திரியாக இடம் மாற்றுகிறார்கள். விடிந்துவிட்டால் தேனீக்கள் வெளியே கிளம்பிவிடும், பிறகு பெட்டியை நகர்த்த முடியாது.

தேன் வருமானம் பெட்டிக்காரருக்கு. தோப்புக்காரருக்குக் கிடைப்பது மகரந்தச் சேர்க்கை. முருங்கைக்கும் சூரியகாந்திக்கும் பூசணி வகைகளுக்கும் தேனீ வந்து போனால்தான் காய்ப்பு கூடும். இது தெரிந்த விவசாயிகள் இப்போது தாங்களாகவே பெட்டி வைக்க இடம் கொடுக்கிறார்கள். தெரியாதவர்கள் பூக்கும் நேரத்தில் காலையிலேயே மருந்தடித்துவிடுகிறார்கள்.

தேனீ வளர்க்கும் ஒரு இளைஞர் கேட்கும் கேள்வி எல்லாப் பெட்டிக்காரர்களின் கேள்வியும்தான். "மாடு செத்தா கால்நடை டாக்டர்கிட்டப் போறாக. பயிர் போனா வேளாண்மை ஆபீஸுக்குப் போறாக. என் அம்பது பெட்டியும் அடைமழையில காலியாப் போச்சுன்னா நான் யாருகிட்டண்ணே போறது?"

அடைமழை தேனீக்கு எப்படி எமனாகும் என்பது வெளியாருக்குப் புரியாது. ஐந்தாறு நாள் விடாமல் பெய்தால் தேனீ வெளியே போக முடியாது. இருக்கிற தேனைத் தின்று தீர்க்கும். பூக்களில் மதுரம் கழுவிப் போயிருக்கும். சர்க்கரைப் பாகு வைக்கவும் வழியில்லாமல் தோப்புக்குள் தண்ணீர் நின்றால், கூட்டம் பட்டினியில் சாகும். இல்லையென்றால் பெட்டியை விட்டுப் பறந்துவிடும். வறட்சியிலும் இதே கதைதான். பூ இல்லை, கூட்டம் இளைக்கிறது, மெழுகு அந்துப்பூச்சி அடையைத் துளைக்கிறது, கடைசியில் பெட்டி மட்டும் மிஞ்சுகிறது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டபோது, மாடுகளுக்கு மானிய விலையில் உலர் தீவனம் கொடுக்கக் கிடங்குகள் திறந்தார்கள். தேனீக்குத் தீவனம் சர்க்கரை. அதைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை.

பேரிடர் நிதிப் பட்டியலை ஒருமுறை முழுக்கப் படித்தால் காரணம் தெரியும். மாடு, ஆடு, கோழி இருக்கிறது. மீனவரின் படகும் வலையும் இருக்கிறது. நெசவாளரின் கருவி இருக்கிறது. பட்டுப்புழு வளர்ப்போருக்கு மல்பெரி ஹெக்டேருக்கு 6,000 ரூபாய் என்று வரி இருக்கிறது. தேனீ என்ற சொல் இல்லை. கால்நடைக் கணக்கெடுப்பிலும் அப்படித்தான். 2024 அக்டோபரில் தொடங்கிய 21-வது கணக்கெடுப்பில் மாடு, ஆடு, பன்றி, கோழி, நாய் வரை வீடு வீடாக எண்ணினார்கள். தேன்பெட்டியை எண்ண அதில் இடமில்லை. தோட்டக்கலைத் துறையில் பெட்டி வாங்க மானியம் கிடைக்கிறது. வாங்கிய பெட்டி வெள்ளத்தில் போனால் என்ன என்பதற்குத்தான் பதில் இல்லை.

1991-ல் காலியான பெட்டிகள்

இது புதுக் குறை கிடையாது. தமிழ்நாட்டில் தேனீ வளர்ப்பின் தாய் வீடு கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம். அங்கே வீட்டுக்கு வீடு பெட்டி வைத்து, ரப்பர் தோட்டத்துத் தேனில் குடும்பம் நடத்தினார்கள். 1991, 92-ல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவியது. புழுக்கள் கூட்டுப்புழு ஆவதற்கு முன்பே தண்ணீர்ப் பை போல ஊதிச் செத்தன. கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் நம்ம ஊர் அடுக்குத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதி அழிந்தது. அதே எண்ணிக்கையில் மாடு செத்திருந்தால் மாநிலமே அதைப் பற்றிப் பேசியிருக்கும். தேனீ செத்ததால் பெட்டிக்காரர்கள் வெறும் பெட்டியை விறகுக்குப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள். தாக்குப் பிடித்து மிஞ்சிய கூட்டங்களைப் பிரித்துப் பிரித்துத்தான் பிறகு தொழில் மறுபடி தழைத்தது.

கடல் தாண்டிப் பார்த்தால் இதற்கு வேறு வழியும் இருப்பது தெரிகிறது. அமெரிக்காவில் கால்நடை, தேனீ, பண்ணை மீன் மூன்றுக்கும் சேர்த்தே ஓர் அவசர உதவித் திட்டம் வைத்திருக்கிறார்கள். 2014 வேளாண் சட்டம் அதை நிரந்தரமாக்கியது. தேனீக் கூட்டம் அழிந்தாலும், பெட்டி போனாலும், தேனீக்குத் தீவனம் இல்லாமல் போனாலும் உதவி கேட்கலாம். அங்கேயும் சும்மா கொடுப்பதில்லை. தேனீக் கூட்டங்களில் ஆண்டுதோறும் வழக்கமாக ஒரு பங்கு சாகும். அந்த அளவைத் தாண்டிய இழப்புக்குத்தான் பணம். அதனால் ஆபத்துக்கு முன் எத்தனை கூட்டம், பின் எத்தனை கூட்டம் என்ற கணக்கு கேட்கிறார்கள். காரணம் எளிது. பறந்துபோன தேனீக் கூட்டத்துக்குப் பிரேதப் பரிசோதனை செய்ய முடியாது. முன்பே எழுதி வைத்த எண்ணிக்கைதான் சாட்சி.

பட்டியல் மாறும்

பட்டியலில் இல்லாதது என்றைக்கும் வராது என்று நினைக்க வேண்டியதில்லை. திருப்பூர் மாவட்டம் காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் தெருநாய்கள் பட்டியில் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறுவது சில ஆண்டுகளாகவே நடந்தது. நாய் கடி எந்தப் பேரிடர்ப் பட்டியலிலும் இல்லை. அந்த விவசாயிகள் செத்த ஆடுகளின் படங்களோடும் மருத்துவர் சான்றுகளோடும் அலுவலகம் அலுவலகமாக ஏறினார்கள், செத்த ஆடுகளையே தூக்கி வந்து சாலையில் உட்கார்ந்தார்கள். 2025-ல் தமிழ்நாடு அரசு நாய் கடித்து இறந்த மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 6,000, கோழிக்கு 200 ரூபாய் என்று அறிவித்தது. பேரிடர்ப் பட்டியலில் ஆட்டுக்கு இருக்கிற தொகையைவிட இது அதிகம். ஒவ்வொரு ஆட்டுக்கும் காகிதம் இருந்ததுதான் அவர்களுக்குக் கைகொடுத்தது.

அரசுப் பதிவேடு என்றால் உசிலம்பட்டிச் சீமைக்கு ஒரு பழைய காயம் உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் ஆண்களைக் கைரேகை வைத்துப் பதிவு செய்ய வெள்ளைக்காரன் ஆட்சி வந்தபோது, பெருங்காமநல்லூர் மக்கள் மறுத்து நின்றார்கள். 1920 ஏப்ரல் 3-ம் தேதி துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிர் விட்டார்கள். அங்கே நினைவுத் தூண் நிற்கிறது. அந்த ஏடு மனிதனை அடக்கி வைக்க எழுதப்பட்டது. பெயர் கொடுக்க யோசிக்கிற தயக்கம் சில வீட்டுப் பெரியவர்களிடம் இன்றும் இருந்தால் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இன்றைய ஏட்டில் இல்லாதவர்தான் நிவாரண வரிசையில் கடைசியில் நிற்கிறார், அல்லது வரிசைக்கே வருவதில்லை. பேரன் பேத்திகள் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

இப்போதே செய்து வைக்க வேண்டியவை

ஆடு மாடு வைத்திருப்பவர்கள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளலாம். எத்தனை உருப்படி, எப்போது வாங்கியது, எப்போது ஈன்றது, எந்தத் தேதியில் ஊசி, காதுத் தோட்டு எண் என்ன என்று எழுத வேண்டும். விற்றதையும் எழுத வேண்டும். வருஷத்துக்கு இரண்டு தடவை, மழைக்காலத்துக்கு முன் ஒன்றும் கோடைக்கு முன் ஒன்றுமாக, மந்தையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். மின்னலடிக்கும் நேரத்தில் தனி மரத்தடியில் ஆட்டை ஒதுக்கக் கூடாது. தாழ்வான இடத்துக்கு ஓட்டிவிட வேண்டும்.

தேனீ வளர்ப்பவர்கள் பெட்டிகளுக்குப் பெயிண்டால் எண் போட வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்க்கும்போது, எண் வாரியாகக் கூட்டத்தின் பலம், ராணி இருக்கிறதா, எத்தனை அடை என்று குறித்துவைக்க வேண்டும். பெட்டி எந்த ஊரில், யார் தோப்பில், எந்தத் தேதி முதல் நிற்கிறது என்பதையும் எழுதி, தோப்புக்காரரிடம் ஒரு கையெழுத்து வாங்கலாம். பெட்டியும் கூட்டமும் வாங்கிய ரசீதைத் தூக்கிப் போடக் கூடாது. தேனீ வளர்ப்போர் பதிவுக்கென்று ஒன்றிய அரசு 2021-ல் தொடங்கிய மதுகிராந்தி இணையதளத்தில் பதிவு செய்துகொள்ளலாம். பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்களில் தேனீக்குப் பாலிசி கிடைக்குமா என்று பத்துப் பேர் சேர்ந்து போய்க் கேட்டால் பதிலாவது ஒழுங்காக வரும்.

தோப்புக்காரர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பூக்கும் காலத்தில் மருந்தடித்தே ஆக வேண்டும் என்றால், தேனீ கூடு திரும்பிய பிறகு மாலையில் அடிக்கலாம். முந்தின நாளே பெட்டிக்காரருக்குச் சொல்லிவிட்டால் அவர் வாசலை மூடிக்கொள்வார்.

தேனீக்குப் பட்டியலில் ஒரு வரி வேண்டும் என்று கேட்பதற்கும் இடம் இருக்கிறது. கோட்ட அளவிலும் மாவட்ட அளவிலும் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டம் நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இத்தனை பெட்டி இருந்தது, இன்ன தேதி மழையில் இத்தனை போனது என்று நோட்டைக் காட்டி ஒரு தீர்மானம் போடச் சொல்லலாம். ஒரு ஊர் போட்டால் அது ஒரு காகிதம். உசிலம்பட்டி, செல்லம்பட்டி, சேடப்பட்டி ஒன்றியங்களில் முப்பது ஊர் போட்டால் அது மாவட்ட ஆட்சியர் மேசைக்குப் போகும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் இருக்கிற வரியோடு தேன்பெட்டிக்கும் ஒரு வரி சேர அந்த நோட்டில் இருந்துதான் வேலையைத் தொடங்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் முதல் பக்கத்தை எழுதிவிடுவது நல்லது.